எலுமிச்சைத் தோலும் நாலு விரலும்

மேலகரத்தில் குருவம்மாள் தெருவில் போனால் எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடலாம், போவது அவள்தான் என்று. எலுமிச்சை வாசனை அவளுக்கு முன்னால் வரும், அவள் போன பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். 'ஊறுகாய்ப் பானை போகுது' என்று எங்கள் தெரு ஆட்கள் கேலி செய்வார்கள். அவளுக்குக் கோபம் வராது. "கெட்டுப் போகாத சாமான்னு சொல்லுதிய, சரிதான்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள்.

அந்த வாசனைக்குக் காரணம் தென்காசி ஆதம் சாயபு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அவர் மேலகரத்து வாய்க்கால் ஓரமாக ஒரு கொட்டகை போட்டு எலுமிச்சை சர்பத் காய்ச்ச ஆரம்பித்தார். புளியங்குடிப் பக்கமிருந்து வண்டி வண்டியாகக் காய் வரும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நறுக்கி, மரக்கட்டையில் வைத்துப் பிழிவார்கள். சாற்றைச் சீனிப்பாகில் சேர்த்துப் புட்டியில் அடைத்து, தக்கை வைத்து அரக்கு ஒட்டி, மதுரைக்கும் கொல்லத்துக்கும் ரயிலேற்றிவிடுவார். சாறு ஊரை விட்டுப் போய்விடும். தோல் எங்களோடு தங்கிவிடும். குவிந்து, புளித்து, ஈ மொய்த்து, காற்றடித்தால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாய்க்காலில் தள்ளிப் பார்த்தார்கள். எருமை தண்ணீரில் வாய் வைக்க மாட்டேன் என்கிறது என்று கீழ்மடைக்காரர்கள் கம்போடு வந்துவிட்டார்கள். பாவம், சாயபுவுக்குச் சர்பத்தைவிடத் தோலைப் பற்றிய கவலைதான் அதிகம்.

குருவம்மாள் அந்தக் கொட்டகையில் காய் பிழிகிறவள். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் புருஷனைக் காலராவுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளையும் இல்லாமல், வெள்ளைச் சேலையோடு பிறந்த ஊருக்குத் திரும்பி வந்திருந்தாள். அவளுடைய வலது கையில் மோதிர விரலுக்கு மேல் கணு கிடையாது. சின்ன வயதில் கமலைக் கிணற்று உருளையில் மாட்டி நசுங்கிப் போனது. குறைவிரலோடு அவள் மற்றவர்களைவிட வேகமாகப் பிழிவாள்.

குற்றாலத்துக்கு சீசனில் வருகிறவர்களைப் பற்றி எனக்கு எப்போதுமே நல்ல அபிப்பிராயம் கிடையாது. உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை நல்லெண்ணெயை வழிய வழியத் தேய்த்துக்கொண்டு அருவிக்கடியில் போய் நின்றுவிடுவார்கள். அருவி எவ்வளவு அடித்தாலும் எண்ணெய் எண்ணெய்தான். சீயக்காய் போட்டால் கண்ணில் விழுந்து அலறுவார்கள். பாறையெல்லாம் வழுக்கும், யாராவது ஒருவர் இடுப்பை ஒடித்துக்கொள்வார். வருஷா வருஷம் இதே கூத்துதான். எங்களுக்கு இது வேடிக்கை. குருவம்மாளுக்கு மட்டும் இது ஒரு யோசனையைக் கொடுத்தது.

சாயபுவின் மனைவி ஹைருன் பீவிக்குச் சாயங்காலம் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவது குருவம்மாள்தான். வைத்துவிட்டு மறுபடியும் பிழிய உட்காருவாள். கொஞ்ச நேரத்தில் கையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது. தோலும் மெத்தென்று இருக்கும். "பீவி, இந்தத் தோலுல என்னமோ இருக்கு" என்றாள். "இருக்கட்டும், எல்லாத்தையும் நீயே அள்ளிட்டுப் போயிரு" என்றாள் பீவி. அள்ளிக்கொண்டு போனால் போதும் என்பதுதான் அந்த வீட்டாரின் பிரார்த்தனை.

அள்ளுவது எளிது. காய வைப்பதுதான் பாடு. காய் வரத்து அதிகமாக இருக்கிற ஆனி, ஆடியில்தான் எங்கள் ஊரில் சாரல். துவைத்த துணியே மூன்று நாள் ஈரமாகக் கிடக்கும். தோல் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துப் பச்சையாகிவிட்டது. ஆனால் சாரல் என்பது எங்கள் எல்லையோடு நின்றுவிடுகிற சமாசாரம். தென்காசியைத் தாண்டிக் கிழக்கே வண்டியில் கொஞ்ச தூரம் போனால் வானம் வெளுத்துவிடும். கீழப்பாவூரில் அதே நேரத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கும், காற்று ஆளைத் தள்ளும். குருவம்மாள் வாழ்க்கைப்பட்டிருந்தது அந்த ஊரில்தான். அங்கே அவளுக்கு இராமலட்சுமி என்று ஒரு சிநேகிதி. அறுவடை இல்லாத மாசங்களில் இராமலட்சுமி வீட்டுக் களம் சும்மா கிடக்கும். வாரம் ஒரு தடவை குருவம்மாள் ஒரு வண்டித் தோலோடு போய் அந்தக் களத்தில் பரப்பிவிட்டு, போன வாரத்துத் தோலை அள்ளிக்கொண்டு, அதே வண்டியில் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாள்.

கலகலவென்று காய்ந்த தோலை இடித்துச் சலித்து, பாசிப்பயறு மாவு, வெந்தயம், பூலாங்கிழங்கு, பெண்களுக்கென்றால் கொஞ்சம் கஸ்தூரி மஞ்சள் சேர்த்து, தேக்கிலையில் பொட்டலம் கட்டினாள். குற்றாலத்தில் பெண்கள் குளிக்கிற பக்கம் ஒரு மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். எண்ணெய் ஒரே தேய்ப்பில் போயிற்று. கண் எரியவில்லை. குளித்துவிட்டு வந்த பெண்கள் தங்கள் கையைத் தாங்களே தடவிப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு சீசனுக்குள் மதுரை வக்கீல் வீட்டு அம்மாக்கள்கூட வந்து இறங்கியதும் 'எலுமிச்சைப் பொடிக்காரி எங்கே' என்று கேட்கும்படி ஆயிற்று. ஊரார் மேனியெல்லாம் அவள் பொடியால் மினுமினுத்தது. அவள் மட்டும் அதை முகத்தில் வைத்ததில்லை. தாலியறுத்தவள் முகத்துக்குப் பூசிக்கொள்வதாவது!

இராமலட்சுமிக்கு ஒரே மகள், வள்ளித்தாய். களத்தில் தோலைக் காலால் கிண்டிக் காய வைக்கிறவள் அவள்தான். குருவம்மாளைப் பெரியம்ம என்று கூப்பிடுவாள். வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடி வருவாள். குருவம்மாளுக்கு அந்தப் பெண் மேல் உயிர். வள்ளித்தாய்க்கு ஆலங்குளத்தில் மாப்பிள்ளை அமைந்தது. போலீசில் வேலை பார்க்கிற பையன், செல்லச்சாமி என்று பெயர். ஆவணியில் கல்யாணம். நிச்சயம் ஆனதிலிருந்து குருவம்மாளுக்குத் தரையில் கால் பாவவில்லை. ஊரான் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் பொடி இடிக்கிறோமே, நம் பிள்ளைக்கு என்று தனியாக ஒன்று செய்ய வேண்டாமா என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

காய்ந்த தோலே இவ்வளவு செய்கிறதென்றால் பச்சைத் தோல் எவ்வளவு செய்யும்! பச்சைக் காயின் மேல்தோலை மட்டும் சுரண்டி, நல்லெண்ணெய் விட்டு மையாக அரைத்தாள். மேலகரத்தில் தன் முழங்கையில் பூசிப் பார்த்தாள். ஒரு தொந்தரவும் இல்லை, பூசிய இடம் பட்டாக இருந்தது. அன்றைக்கு மேலகரத்தில் சூரியனே தலை காட்டவில்லை என்பதை அவள் கணக்கில் எடுக்கவில்லை. யார்தான் எடுத்திருப்பார்கள்?

அந்த வாரம் கீழப்பாவூர்க் களத்தில் வைக்கோல் படப்புக்குப் பின்னால் வள்ளித்தாயை உட்கார வைத்தாள்.

"ஊரு பாத்தா என்ன சொல்லும் பெரியம்ம?"

"அதுக்குத்தானட்டி படப்புக்குப் பின்னால வந்திருக்கோம். கண்ண மூடு."

கல்யாணப் பெண்ணின் முகத்தில் கை வைக்கிற உரிமை சுமங்கலிகளுக்கு உண்டு, அவளுக்குக் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் தொட்டாள். விழுதை வலது கை விரல்களில் வழித்து, அந்தப் பெண்ணின் இடது கன்னத்தில் வைத்து இழுத்தாள். பெற்ற மகளுக்குச் செய்தால் இப்படித்தான் நெஞ்சு நிறையும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த கன்னத்துக்குப் போவதற்குள் வண்டிக்காரன் கூப்பாடு போட்டுவிட்டான். "கொஞ்ச நேரம் வச்சிருந்து கழுவிரு, என்னா?" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

வள்ளித்தாய் கழுவவில்லை. எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு பளபளப்பு என்று அவளாக முடிவு செய்துகொண்டாள். மத்தியானம் முழுக்கக் களத்து வெயிலில் தோலைக் கிண்டினாள். பிறகுதான் வாய்க்காலுக்குப் போய் முகம் கழுவினாள். போகிற வழியில் இசக்கி கோயில்.

மறு வாரம் குருவம்மாள் தோலோடு போனபோது ஓடி வர ஆளில்லை. இராமலட்சுமி வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். வள்ளித்தாய் உள்ளறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, முந்தானையால் முகத்தை மூடிக் கிடந்தாள். மறுநாளே கன்னம் சிவந்து கொப்புளித்ததாம். கொப்புளம் அடங்கியதும் கறுப்பாக விரல் விரலாகத் தடம் வந்துவிட்டதாம். பொழுது சாயும் வேளையில் தனியாகப் போன பெண்ணை இசக்கி அறைந்துவிட்டாள் என்று குறி பார்த்த கோடாங்கி சொல்லிவிட்டான். பிள்ளை கொடுப்பதும் இசக்கிதான், கோபம் வந்தால் வயிற்றை அடைப்பதும் இசக்கிதான் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. செய்தி ஆலங்குளத்துக்குப் போகாமல் இருக்குமா? இசக்கி கை வைத்த பெண் எங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று அங்கிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் தகப்பன் இசக்கியப்பன் இரண்டு தடவை நடந்துபோய்க் கெஞ்சிவிட்டு வந்திருந்தான்.

குருவம்மாள் உள்ளே போய் முந்தானையை விலக்கிப் பார்த்தாள். நாலு கறுப்புக் கோடுகள். மூன்று நீளம். மோதிர விரல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கோடு பாதியிலேயே நின்றிருந்தது.

வலது கையைச் சேலை மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டாள்.

இந்தக் குறைவிரலுக்கும் கோடாங்கி ஒரு காரணம் வைத்திருந்தான். இசக்கி ஆங்காரத்தில் தன் விரலைத் தானே கடித்துக்கொண்டவளாம். நானும் எத்தனையோ இசக்கி கோயிலுக்குப் போயிருக்கிறேன். விரல் குறைந்த இசக்கியை எங்குமே பார்த்ததில்லை. ஆனால் உடுக்கை அடித்துக்கொண்டு ஒருவன் சொல்லும்போது யாருக்கு விரலை எண்ணத் தோன்றும்?

வள்ளித்தாய் மெதுவாகச் சொன்னாள். "மினுக்கிக்கிட்டுப் போனேம்லா பெரியம்ம, அதான் அறைஞ்சிட்டா. நீங்க தொட்டத நான் யாருகிட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்." கண்ணாடியை அம்மா ஒளித்து வைத்திருந்தாள். தன் கன்னத்தில் இருப்பது யாருடைய கை என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது.

இராமலட்சுமிக்குத் தெரிந்திருந்தது. குருவம்மாளைத் தொழுவத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். "உன் கைய எனக்குத் தெரியாதாட்டி? பாத்த அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. வாயத் தொறக்காத."

"சொன்னாத்தான அவளுக்குக் கல்யாணம் நடக்கும்?"

"எப்படி நடக்கும்? இசக்கி கைன்னா கெடா வெட்டிப் பொங்கலிட்டா எறங்கிருவா, கால்ல கையில விழுந்து அவுகள சம்மதிக்க வச்சிரலாம். தாலியறுத்தவ கைன்னு தெரிஞ்சா? அதுக்கு எந்தக் கோயில்ல பொங்கலிடுதது?"

சிநேகிதி சொன்னதில் பொய் இல்லை. அதுதான் குருவம்மாளுக்குத் தாங்க முடியாமல் போயிற்று. பேயின் கைக்குப் பரிகாரம் உண்டு, தன் கைக்குக் கிடையாது. தொழுவத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதுதான் தன் புறங்காலைப் பார்த்தாள். களத்தில் தோல் பரப்புகிற நாட்களில் அங்கங்கே கறுப்புப் பொட்டு விழும். எறும்புக்கடி என்று விட்டிருந்தாள். மேலகரத்தில் எத்தனை மூட்டை பிழிந்தாலும் அந்தப் பொட்டு விழுந்ததே இல்லை. மேலகரத்தில் இல்லாதது இங்கே என்ன இருக்கிறது? அண்ணாந்து பார்த்தாள். வெயில் கண்ணைக் குத்தியது.

அன்று அவள் வண்டியில் திரும்பவில்லை. வண்டியில் பிழியாமல் கிடந்த நாலைந்து காயைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள். இராமலட்சுமி கையைப் பிடித்து இழுத்ததையும் உதறிவிட்டு ஆலங்குளத்துக்கு நடந்தாள்.

மாப்பிள்ளையின் தாய் ஆவுடைத்தாய் ஆள் நல்ல கனம், குரல் அதைவிடக் கனம். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். புருஷன் தங்கசாமி வாய் திறந்து பார்த்தவர்கள் குறைவு. முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தவள் முன்னால் போய் குருவம்மாள் வலது கையை நீட்டினாள்.

"அது இசக்கி கை இல்லக்கா. என் கை."

ஆவுடைத்தாய் குறைவிரலைப் பார்த்தாள். வெள்ளைச் சேலையைப் பார்த்தாள். "அறுத்தவ கையா?"

"ஆமா."

அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். செய்வினைக்காரி என்று ஒருத்தி ஆரம்பித்தாள். கட்டி வைத்து உரிக்க வேண்டும் என்று இன்னொருத்தி சொன்னாள். தான் நினைத்தது சரிதானா என்று குருவம்மாளுக்கே நிச்சயமில்லை. புறங்காலில் நாலு பொட்டு, அதை நம்பித்தான் வந்திருந்தாள்.

"செய்வினை இல்லக்கா, எலுமிச்சந்தோலு. அத வச்சிக்கிட்டு அவ வெயில்ல நின்னுட்டா. ஒங்க முத்தத்துலயே நானும் பூசிட்டு உக்காருதேன். என் கன்னமும் கறுக்கலைன்னா என்னைய என்ன வேணாலும் செய்ங்க."

அங்கேயே கல்லில் தோலைச் சுரண்டி அரைத்து, அவர்களிடமே ஒரு கரண்டி எண்ணெய் கேட்டு வாங்கிக் குழைத்தாள். தாலியறுத்தவள் நட்டநடு முற்றத்தில், பத்துப் பேர் பார்க்க, தன் முகத்துக்கு வலது கை விரல்களால் இழுத்துப் பூசிக்கொண்டாள். யாரோ தூவென்று துப்பினார்கள். அவள் வெயிலைப் பார்த்து முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பொழுது சாயும்வரை ஒன்றும் ஆகவில்லை. கன்னம் கன்னமாகவே இருந்தது. கூட்டம் சிரித்துக்கொண்டு கலைந்தது. ஆவுடைத்தாய் தொழுவத்தில் ஒரு சாக்கைப் போட்டு, கஞ்சி ஊற்றி வைத்தாள். ஓடிவிடுவாளோ என்று தங்கசாமியைக் காவலுக்கும் வைத்தாள். குருவம்மாள் எங்கே ஓடுவாள்? மறுநாள் கன்னம் சிவந்து தீயாக எரிந்தது. எரிய எரிய அவளுக்குச் சந்தோஷம். அதற்கும் மறுநாள் காலையில் ஆவுடைத்தாய் வந்து, அவள் மோவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். நாலு கோடுகள். அதிலும் ஒன்று பாதியில் நின்றிருந்தது.

ஆவுடைத்தாய் மோவாயை விடாமலே கேட்டாள். "எதுக்குட்டி அவளத் தொட்ட?"

"ஆசைதான்க்கா. வேற ஒண்ணும் இல்ல."

ஆவுடைத்தாய் கையை எடுத்துவிட்டாள். "இசக்கி அறைஞ்சிருந்தா பயப்படணும். ஆசைப்பட்டு வச்ச கைக்கு எதுக்குப் பயப்படணும்?" என்றாள். வாசல் பக்கம் திரும்பி, "ஏங்க, பாவூருக்கு ஆள் அனுப்புங்க. சொன்ன தேதியிலயே கல்யாணம்" என்று சத்தம் போட்டாள்.

குருவம்மாள் கும்பிட்டாள். அப்போது ஆவுடைத்தாய் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஆனா நீ பந்தலுக்கு வராத. நான் பயப்பட மாட்டேன். வர்ற சனமெல்லாம் என்ன மாதிரியா? பந்தல்ல ஒருத்தி வாய விட்டான்னா அந்தப் புள்ள வாழ்நாள் பூரா கேக்கணும்."

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஆவுடைத்தாயின் மேல் கோபம் கோபமாக வரும். இவ்வளவு தூரம் வந்தவள் இன்னும் ஓர் அடி வந்தால் என்ன? குருவம்மாள் கோபப்படவில்லை. "வரலக்கா" என்று மட்டும் சொன்னாள். அவள் தெருமுனை தாண்டுவதற்குள் ஆவுடைத்தாய் பின்னாலிருந்து கூப்பிட்டாள். "அந்த இராமலட்சுமி இனிமே ஒனக்குக் களம் தரமாட்டா. எங்க களம் சும்மாதான் கெடக்கு. கொண்டாந்து காய வச்சிக்க."

ஆவுடைத்தாயின் கணக்கு தப்பவில்லை. மகளுக்குக் கல்யாணம் நடந்த பிறகும் இராமலட்சுமி குருவம்மாளோடு பேசவில்லை. கல்யாணத்தன்று குருவம்மாள் கொட்டகையில் காய் பிழிந்துகொண்டிருந்தாள். கீழப்பாவூர் வழியாக வந்த ஒரு வண்டிக்காரன், மேளச் சத்தம் ரோடுவரை கேட்டது என்று சொன்னான். அவள் தலையை நிமிர்த்தாமல், "கேக்கட்டும், கேக்கட்டும்" என்றாள். ஹைருன் பீவி அன்று சாயங்காலம் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூப்பிடவில்லை. பக்கத்தில் வந்து சும்மா உட்கார்ந்திருந்தாள்.

முகத்தைக் கறுக்கடிக்கிற பொடி என்று பேச்சுப் பரவி அந்த வருஷம் பொட்டலம் விற்கவே இல்லை. சாயபுவின் கொட்டகையில் தோல் மறுபடியும் குவிந்தது. குருவம்மாள் விடவில்லை. பச்சைத் தோலை அடியோடு நிறுத்தினாள். பொடி வாங்க வருகிற ஒவ்வொருத்தியிடமும், "அருவியில நல்லாக் கழுவிரணும், பூசிட்டு வெயிலுக்குப் போவக் கூடாது" என்று சொல்லாமல் கொடுக்க மாட்டாள். இப்படியெல்லாம் சொன்னால் யார் வாங்குவார்கள் என்று நாங்களே சலித்துக்கொண்டோம். சொன்னதனால்தான் அடுத்த வருஷம் வாங்கினார்கள். ஒன்று மட்டும் மாறிப்போயிற்று. முன்பெல்லாம் குழந்தைகளின் முதுகில் தானே தேய்த்துவிடுவாள். இப்போது பொடியை நீட்டிய உள்ளங்கையில் கொட்டுவதோடு சரி, யாரையும் தொட மாட்டாள். ஆலங்குளத்துக் களத்து வெயிலிலும் தோலிலுமே கிடந்ததால் அவள் கன்னத்துக் கறுப்பு மறையவே இல்லை. "யார் அறைஞ்சா?" என்று வெளியூர்ப் பெண்கள் கேட்பார்கள். "நாந்தான்" என்பாள்.

அடுத்த ஆனியில், சாரல் பிடித்துக்கொண்ட ஒரு காலையில், வள்ளித்தாய் புருஷனோடு குற்றாலத்துக்கு வந்தாள். செல்லச்சாமி ஆண்கள் பக்கம் போய்விட்டான். அவள் தலையிலும் உடம்பிலும் எண்ணெயோடு நேராக மரத்தடிக்கு வந்து, குருவம்மாளுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அவள் கன்னத்தில் தடம் எதுவும் இல்லை. குருவம்மாள் அவளைப் பார்த்தாள், சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தாள், பொட்டலத்தைப் பிரித்தாள்.

"கைய நீட்டு" என்றாள்.

வள்ளித்தாய் கையை நீட்டவில்லை. இடது கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"வேண்டாம்ட்டி. நான் இப்ப யாரையும் தொடுதது இல்ல."

வள்ளித்தாய் அண்ணாந்து பார்த்தாள். மலை முழுக்க மேகம். அவள் முகத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது.

"இங்கன ஏது பெரியம்ம வெயிலு?"

குருவம்மாள் வலது கையில் பொடியைக் கொட்டி, தண்ணீர் விட்டுக் குழைத்தாள்.